பெரியம்மாவின் மோட்கேஜ் காப்புறுதி: 2019உடன் எல்லாம் முடிந்துவிட்டதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். லண்டனில் இருக்கும் பெரியம்மாவுக்கு 67 வயது. 2006இல் அவரும் பெரியப்பாவும் ஒரு புறோக்கர் மூலம் வீடு வாங்கினார்கள். "இதையும் எடுத்தால்தான் கடன் கிடைக்கும்" என்று சொல்லி மோட்கேஜோடு இரண்டு காப்புறுதிகளைத் தலையில் கட்டிவிட்டார்கள். பெரியப்பா சொந்தமாகக் கடை வைத்திருந்தவர், அப்போதே சர்க்கரை வியாதி இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் நோயில் விழுந்தபோது, முன்பே இருந்த வியாதி என்று சொல்லி முதல் காப்புறுதி காசு தர மறுத்தது. கடந்த வருடம் அவர் காலமானபோது, வியாதியை மறைத்துவிட்டார் என்று சொல்லி இரண்டாவதும் மறுத்தது. "பி.பி.ஐ (கடன் தவணைப் பாதுகாப்புக் காப்புறுதி) முறைப்பாடு எல்லாம் 2019உடன் முடிந்துவிட்டது, விடு" என்கிறார்கள் தெரிந்தவர்கள். நட்டஈடு வாங்கித் தந்து அதில் பங்கு எடுக்கும் கிளெய்ம் கொம்பனி ஒன்று தினமும் போன் எடுக்கிறது. பெரியம்மாவோ, செத்தவரின் பெயரை ஏன் இழுக்க வேண்டும் என்கிறார். பெறாமகனாக நான் என்ன செய்யலாம்?

நான் ஒரு கடன் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் சில வருடங்கள் இருந்தவன். அப்புறம் நம் சமூகத்து வயதானவர்கள் பலருக்கு இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அவசர வேலை. மறுப்புக் கடிதங்களை எடுத்துத் தேதியைப் பாருங்கள். "இது எங்கள் இறுதிப் பதில், திருப்தி இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா? (ஒம்புட்ஸ்மன் என்பவர் நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் நடுவர்.) இருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணி, சமையலறைக் கலண்டரில் சிவப்பில் குறித்து வையுங்கள். அந்த நாள் தாண்டினால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் கதவு மூடிவிடும். கிளெய்மை மறுத்த கடிதம் மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் இன்னும் முறைப்பாடே செய்யவில்லை என்றால் அந்த ஆறு மாதம் தொடங்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "ஆறு மாதம் போய்விட்டதே" என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கிளெய்ம் மறுப்பு வேறு, முறைப்பாட்டுக்கான இறுதிப் பதில் வேறு.

சரி, இனி 2019 கதைக்கு வருவோம். தெரிந்தவர்கள் சொல்வது பாதி உண்மை. பி.பி.ஐ முறைப்பாடுகளுக்கு, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ வைத்த கடைசி நாள் 2019 ஓகஸ்ட் 29. ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னேகரின் தலையை மட்டும் ஓடவிட்டு ரீவியில் விளம்பரம் போட்டார்களே, அதுதான். அந்தக் காலத்தில் எல்லோரும் பி.பி.ஐ பற்றியே கதைத்ததால், மோட்கேஜோடு வந்த எல்லாக் காப்புறுதியும் பி.பி.ஐ என்றே நம் ஆட்களின் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் மோட்கேஜோடு ஒட்டிக்கொண்டு வந்த காப்புறுதிகள் பல வகை. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வேறு, முறைப்பாடு போக வேண்டிய இடமும் வேறு. பொலிசிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதில்தான் உங்கள் வழக்கின் பாதி இருக்கிறது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நோயில் விழுந்தபோது மறுத்தது தவணைப் பாதுகாப்புக் காப்புறுதி. விபத்து, நோய், வேலையிழப்பு என்று வந்தால் மாதத் தவணையைக் கட்டும், பெரும்பாலும் 12 மாதம் வரைக்கும். இதுதான் பி.பி.ஐ. இறந்தபோது மறுத்தது ஆயுள் காப்புறுதி. கடன் குறையக் குறையக் காப்புறுதித் தொகையும் குறைந்துகொண்டே வரும் வகையாக இருக்கும். இது பி.பி.ஐ அல்ல. 2019 கெடுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இன்னும் இரண்டு. 80களிலும் 90களிலும் எடுத்த என்டோமென்ட் என்பது ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்த முதலீடு. கடைசியில் வரும் பணம் கடனை அடைக்கப் போதாது என்று எச்சரிக்கும் கடிதங்கள் வந்திருக்கும். அந்தக் கடிதத் தேதிகளால் இன்று பெரும்பாலானவற்றுக்கு வழி அடைபட்டுவிட்டது. இன்னொன்று, வைப்புத் தொகை குறைவாகப் போட்டு வீடு வாங்கியவர்களிடம் எடுத்த உயர்கடன் கட்டணம். அந்தக் கட்டணத்தில் வங்கி ஒரு காப்புறுதி எடுத்தது. அதற்குக் காசு கட்டியவர் நீங்கள், அது பாதுகாத்தது வங்கியை. வீடு பறிபோய் நட்டத்தில் விற்கப்பட்டால் காப்புறுதிக் கொம்பனி வங்கிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைக் கேட்டு உங்கள் பின்னாலேயே வரும். இதை விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

உங்கள் பி.பி.ஐக்கு வருவோம். 2019க்குப் பிறகும் சில ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. அதில் உங்களுக்குப் பொருந்தக்கூடியது, 2017 ஓகஸ்ட் 29க்குப் பிறகு கிளெய்ம் செய்து, "உங்களுக்குத் தகுதி இல்லை, இந்த நோய் விதிவிலக்கில் வருகிறது" என்ற காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தால். பெரியப்பாவின் நோய் முன்பே இருந்த சர்க்கரையால் வந்தது என்று சொல்லித்தானே மறுத்தார்கள், இந்த ஜன்னல் வழியாகவே போங்கள். இது தவிர, நீண்ட காலம் கடும் நோயில் இருந்ததால் கெடுவுக்குள் முறையிட முடியவில்லை என்பது போன்ற விசேட சூழ்நிலைகளையும் ஒம்புட்ஸ்மன் பார்ப்பார். "விளம்பரத்தைக் கவனிக்கவில்லை" என்பது எடுபடாது.

ஆயுள் காப்புறுதிக்குப் பொதுவான காலவிதி: நடந்த நாளிலிருந்து ஆறு வருடம், அல்லது முறையிடக் காரணம் இருக்கிறது என்று தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். இதில் எது பிந்தியதோ அது. 2006இலிருந்து ஆறு வருடம் எப்போதோ போய்விட்டது. ஆனால் இந்தப் பொலிசி தங்களுக்கு உதவாது என்று பெரியம்மாவுக்கு எப்போது தெரிந்தது? கடந்த வருடம் மறுப்புக் கடிதம் வந்த அன்றுதானே. மூன்று வருடத்தை அங்கிருந்து எண்ண வேண்டும் என்று வாதாடலாம். கொம்பனி எதிர்க்கும். எதிர்க்கட்டும், அதைத் தீர்மானிப்பவர் ஒம்புட்ஸ்மன்.

இன்னொரு அதிர்ஷ்டம், வீடு வாங்கியது 2006இல். காப்புறுதி விற்பனை அரச மேற்பார்வைக்குள் வந்தது 2005 ஜனவரி 14இல். அதற்கு முன் தனிப் புறோக்கர் விற்றது என்றால் பல சமயம் ஒம்புட்ஸ்மனுக்கு அதிகாரமே இருக்காது. வங்கியும் பில்டிங் சொசைட்டியும் நேரே விற்றதென்றால் அப்போதும் வழி உண்டு. நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஒரு கொம்பனி, "இந்த வியாதி முன்பே இருந்தது, அதனால் தர மாட்டோம்" என்கிறது. மற்றக் கொம்பனி, "இந்த வியாதியை மறைத்துவிட்டீர்கள், அதனால் தர மாட்டோம்" என்கிறது. இரண்டும் ஒரே சர்க்கரை வியாதி. இரண்டு பொலிசிகளையும் ஒரே மேசையில், ஒரே நாளில், ஒரே புறோக்கர் எழுதினார். அவரிடம் பெரியப்பா தன் வியாதியைச் சொன்னாரா, இல்லையா? அவர் கேட்டாரா, இல்லையா? முழு வழக்கும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

தவணைப் பாதுகாப்புக் காப்புறுதியில் எடுக்கும்போது பெரும்பாலும் உடல்நிலையைக் கேட்பதே இல்லை. பத்திரத்தின் உள்ளே, முன்பிருந்த நோய்களுக்குத் தர மாட்டோம் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். விற்பவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி விளக்கியிருக்க வேண்டும். சொந்தக் கடைக்காரருக்கு வேலையிழப்புப் பகுதி எவ்வளவு உதவும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பல பொலிசிகளில் கடையை முற்றாக மூடிக் கணக்கு முடித்தால்தான் காசு வரும், வியாபாரம் படுத்தால் வராது. சர்க்கரை உள்ள ஒரு கடைக்காரருக்கு இந்தப் பொலிசியில் மிஞ்சியது என்ன? விபத்தும் வேறு சில நோய்களும். அதற்கு மாதம் மாதம் அவ்வளவு காசா? முறைப்பாட்டில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆயுள் காப்புறுதியில் கதை வேறு. அங்கே உடல்நிலை பற்றிக் கேள்விகள் உண்டு. பதில் பிழையாக இருந்தால் மறுக்க இடமும் உண்டு. ஆனால் பிழை எல்லாம் ஒரே பிழை இல்லை. ஒம்புட்ஸ்மன் படிப்படியாகப் பார்ப்பார். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டதா? பதில் உண்மையில் பிழையா? உண்மை தெரிந்திருந்தால் கொம்பனி வேறு மாதிரி நடந்திருக்குமா? பிழை தெரிந்தே செய்ததா, கவனக்குறைவா, அறியாமையா? கவனக்குறைவு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் முழுதாக மறுக்க விடமாட்டார்கள், விகிதப்படி கொடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை தெரிந்திருந்தால் மாதம் 40 பவுண்ட்ஸ் கேட்டிருப்போம், வாங்கியது 20தான் என்று கொம்பனி காட்டினால், காப்புறுதித் தொகையில் பாதி வர வேண்டும். 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை எழுத்தில் வைத்தது. உங்களது அதற்கு முந்திய பொலிசி. ஆனாலும் இதே நியாயத்தை ஒம்புட்ஸ்மன் அதற்கு முன்பிருந்தே பின்பற்றி வந்திருக்கிறார்.

ஆகவே முறைப்பாடு ஒன்றல்ல. கிளெய்மை மறுத்தது பற்றி காப்புறுதிக் கொம்பனிகளுக்கு ஆளுக்கொன்று. பொருந்தாததை விற்றது, போமைப் பிழையாக நிரப்பியது பற்றிப் புறோக்கருக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டி ஒருவருக்கு அனுப்பினால், "இது எங்கள் பொறுப்பு இல்லை" என்று ஒருவரை ஒருவர் காட்டிவிட்டு இருப்பார்கள். நானே அந்தப் பதில்களை எழுதிய இடத்தில் இருந்தவன், அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

புறோக்கர் கொம்பனி இப்போது இருக்கிறதா? எஃப்.சி.ஏவின் பதிவேட்டில் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயர் மாறியிருந்தாலும் வேறு கொம்பனி வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் அதில் தெரியும். மூடிப் போய்விட்டது, காசு கொடுக்க யாரும் இல்லை என்றால் எஃப்.எஸ்.சி.எஸ் என்ற நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. அதுவும் 2005 ஜனவரி 14க்குப் பின் நடந்த விற்பனைக்குத்தான்.

காகிதங்கள். பெரியம்மாவின் அலுமாரியில் இருக்கும் அந்தப் பைலை அப்படியே மேசையில் கவிழ்த்துத் தேதிப்படி அடுக்குங்கள். ஒன்றையும் எறியாதீர்கள், கடித உறைகளைக்கூட. வருடாந்த மோட்கேஜ் ஸ்டேட்மென்டிலும் வங்கி ஸ்டேட்மென்டிலும் காப்புறுதிக்குப் போன காசு தெரியும். இல்லாததைக் கேட்டு எடுக்கலாம். தன்னைப் பற்றிய தரவுகளைத் தரும்படி பெரியம்மா கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் புறோக்கருக்கும் காப்புறுதிக் கொம்பனிகளுக்கும் தனித்தனியாக எழுதினால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகக் கொடுக்க வேண்டும். "எல்லாவற்றையும் தாருங்கள்" என்பதோடு நிறுத்தாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விண்ணப்பப் போம், விற்கும்போது புறோக்கர் எழுதிய குறிப்புகள், ஏன் இந்தப் பொலிசி பொருத்தம் என்று விளக்கி அனுப்பிய கடிதம், தொலைபேசி ஒலிப்பதிவு, கட்டிய தவணை விபரம்.

ஒரு நுணுக்கம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். பெரியப்பாவின் மருத்துவப் பதிவுகளை அதன் கீழ் கேட்க முடியாது. அதற்கு 1990ஆம் வருடத்துச் சுகாதாரப் பதிவுகள் சட்டம் இருக்கிறது. அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமை பெற்றவர் ஜி.பியிடம் (குடும்ப டொக்டரிடம்) கேட்கலாம். அதோடு, மறுப்பதற்குக் கொம்பனி எந்த மருத்துவ அறிக்கையை நம்பியதோ அதன் பிரதியையும் கேளுங்கள். 2006க்கு முன் டொக்டர் உண்மையில் என்ன எழுதியிருந்தார் என்று நீங்களே படியுங்கள். "இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்று ஒரு தரம் சொன்னதும், மருந்து எடுக்கும் சர்க்கரை வியாதியும் ஒன்றல்ல.

இனி, எந்த ஃபைலிலும் இல்லாத சாட்சிக்கு வருகிறேன். பெரியம்மாவின் ஞாபகம். இதில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா வீடு வாங்கியபோது எனக்கு 15 வயது. புறோக்கர் எங்கள் முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே போம் நிரப்பினார். அப்பாவின் இங்கிலீஷ் வேலைக்குப் போதும், மோட்கேஜுக்குப் போதாது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பு. புறோக்கர் ஒரு பத்திரத்தைத் தள்ளி, "யூ வில் நீட் திஸ் ஆஸ் வெல்" என்றார். நான் அப்பாவிடம், "இதுவும் கட்டாயம் வேணுமாம்" என்றேன். அப்பா கையெழுத்துப் போட்டார். பல வருடம் கழித்து, பி.பி.ஐ அலை அடித்தபோது முறைப்பாடு எழுத உட்கார்ந்தோம். "கட்டாயம் என்று சொன்னவன்" என்று அப்பா உறுதியாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கட்டாயம் என்று சொன்னது யார்? அவரா, நானா?

கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினோம். புறோக்கர் சொன்ன வசனம் இது, 15 வயதுப் பையன் மாற்றிச் சொன்னது இது, கையெழுத்துப் போடுபவருக்கு விளங்கியதா என்று யாரும் கேட்கவில்லை, விதிவிலக்குகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொம்பனி மறுத்தது. ஒம்புட்ஸ்மனிடம் போனோம், அப்பா பக்கம் முடிந்தது. "கட்டாயம் என்று மிரட்டினார்கள்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் அது எங்கள் சொல்லுக்கும் அவர்கள் சொல்லுக்கும் இடையிலான இழுபறியாகத்தான் போயிருக்கும். அந்தப் பிரிவில் வேலை செய்தபோது, இணையத்தில் எடுத்த ஒரே அச்சு வசனங்கள் நூற்றுக்கணக்கில் வருவதைப் பார்த்திருக்கிறேன். தேத்தண்ணிக் கோப்பை வருகிற கடிதத்தை யாரும் இன்னொருவரிடமிருந்து எடுத்து ஒட்டியிருக்க முடியாது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு இருந்து, போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அவரைக் கதைக்க விடுங்கள். "புறோக்கர் கட்டாயம் என்றுதானே சொன்னார்?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். "அன்றைக்கு யார் யார் இருந்தீர்கள்? எங்கே? போமில் எழுதியது யார், நீங்களா அவரா? பெரியப்பாவின் மருந்து பற்றிக் கேட்டாரா?" இப்படிக் கேளுங்கள். மருந்துப் போத்தல் சமையலறை மேசையில் இருந்தது, புறோக்கர் பார்த்தார் என்பது போல ஏதாவது வெளியே வரும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். 2006இல் நடந்த எல்லாமே துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று எழுதினால்தான் சந்தேகம் வரும். அன்று பிள்ளைகளில் யாராவது மொழிபெயர்த்திருந்தால் அவரும் தன் ஞாபகத்தைத் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடட்டும்.

அனுமதி விஷயம் சிறியது, ஆனால் முதல் தடவையே மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரியம்மாவின் கையெழுத்தோடு, "என் சார்பில் இவர் கதைக்கலாம், எழுதலாம்" என்று ஒரு கடிதம் ஒவ்வொரு கொம்பனிக்கும் போக வேண்டும். சிலர் தங்கள் போமைத்தான் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆயுள் காப்புறுதி பெரியப்பாவின் பெயரில் மட்டும் இருந்தால், உயில்படி அல்லது நீதிமன்ற அனுமதிப்படி அவர் சொத்தை நிர்வகிப்பவர்தான் முறையிட வேண்டும். அது பெரியம்மாவாகவே இருந்தால் வேலை சுலபம். காசு வந்தாலும் அவர் கணக்குக்கே வரட்டும். உங்கள் கணக்கைக் கொடுத்தால், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்றாலும், மச்சான்மார் ஒரு நாள் கேட்பார்கள்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் போதும். யார், எந்தப் பொலிசி, எந்த வருடம், என்ன நடந்தது, எதைத் தவறு என்கிறோம், என்ன வேண்டும். "இது ஒரு முறைப்பாடு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் விசாரணைக் கடிதம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு எட்டு வாரம் இருக்கிறது. அதற்குள் இறுதிப் பதில் வராவிட்டாலும், வந்த பதில் பிடிக்காவிட்டாலும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேர்விஸுக்குப் போகலாம். ஒரு சதமும் இல்லை. பெரியம்மாவோடு கதைக்க உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். முதலில் ஒரு விசாரணையாளர் தன் கருத்தைச் சொல்வார். எந்தப் பக்கம் ஏற்காவிட்டாலும் ஒம்புட்ஸ்மனின் முடிவைக் கேட்கலாம். அந்த முடிவைப் பெரியம்மா ஏற்றால் கொம்பனி கட்டுப்பட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

கிளெய்ம் கொம்பனியைப் பற்றி. நான் மேலே சொன்ன வேலையைத்தான் அவர்களும் செய்வார்கள், தேத்தண்ணிக் கோப்பை இல்லாமல். பி.பி.ஐக்குக் கிடைக்கும் தொகையில் 20 வீதமும் வற்வரியும்தான் சட்டப்படி உச்சம். மற்ற முறைப்பாடுகளுக்கு 2022 மார்ச்சிலிருந்து படிமுறை உச்சவரம்பு: 1,500 பவுண்ட்ஸிலிருந்து 10,000க்குக் கீழ் என்றால் 28 வீதம், அதுவும் 2,500ஐத் தாண்டக்கூடாது. 3,000 பவுண்ட்ஸ் வந்தால் 840, வற்வரியோடு 1,008. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அடுத்த முறை போன் வந்தால் பெரியம்மா சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "என் பெறாமகன் பார்க்கிறான்." முன்பணம் கட்டினால் காசு விடுவிக்கப்படும் என்று யாராவது சொன்னால் அது கிளெய்ம் கொம்பனிகூட இல்லை, கள்ளன்.

எவ்வளவு வரும்? தவறாக விற்றது என்று முடிவானால், அது விற்கப்படாதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பார்களோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் கணக்கு. பி.பி.ஐயில் கட்டிய தவணைகள் திரும்ப வரும், அதன் மேல் வட்டியும் சேரும், 2025 வரைக்கும் வருடத்துக்கு 8 வீதம் சாதாரண வட்டி சேர்ப்பதுதான் நீண்ட கால வழக்கமாக இருந்தது. அந்த வட்டியில் 20 வீத வரியைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். பெரியம்மாவின் வருமானம் குறைவு என்றால் ஆர்40 போமை நிரப்பி வரித் திணைக்களத்திடமிருந்து அதைத் திரும்ப எடுக்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆயுள் காப்புறுதி மறுப்பு பிழை என்று முடிவானால் வருவது தவணை இல்லை, காப்புறுதித் தொகை. இரண்டில் பெரியது அதுதான், உங்கள் நேரத்தில் கூடுதலானதை அதற்குக் கொடுங்கள்.

காசு வந்தபின் ஒரு பொறி இருக்கிறது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டைப் பெரியம்மா எடுக்கிறாரா? சேமிப்பு 10,000 பவுண்ட்ஸைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்ட் வருமானம் என்று கணக்கில் எடுப்பார்கள். கவுன்சில் வரிச் சலுகையும் மாறலாம். வந்த அன்றே அறிவித்துவிட்டால் பிரச்சினை இல்லை. பிறகு கண்டுபிடித்தால் திரும்பக் கட்டச் சொல்லுவார்கள்.

கமிஷன் பற்றியும் கேட்பீர்கள். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் பிளெவின் என்ற அம்மையாரின் வழக்கு முடிந்தது. வீட்டை ஈடாக வைத்து 34,000 பவுண்ட்ஸ் கடன் எடுத்தபோது 5,780 பவுண்ட்ஸுக்கு பி.பி.ஐ சேர்த்திருந்தார்கள். அதில் 71.8 வீதம் கமிஷன், காப்புறுதிக் கொம்பனிக்குப் போனது மிச்சம்தான். அதை அவருக்குச் சொல்லாதது நியாயமற்றது என்று தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்கும் சட்டப்பிரிவு, மேற்பார்வைக்குட்பட்ட முதல் மோட்கேஜுக்குப் பொருந்தாது. யாராவது இதைச் சொல்லி ஆசை காட்டினால் எந்தக் கடன் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, பெரியம்மாவின் பெயரில் இன்னும் ஓடும் பொலிசி ஏதாவது இருந்தால் கோபத்தில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிடாதீர்கள். 67 வயதில் புதிதாக எடுக்கப் போனால் விலை வேறு. மோட்கேஜ் தவணை கட்டக் கஷ்டம் என்றால் முறைப்பாடு முடியும்வரை காத்திராமல் கடன் கொடுத்தவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, செத்தவரின் பெயரை ஏன் இழுக்க வேண்டும் என்ற பேச்சு. இதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "நீங்கள் மறைத்தீர்கள்" என்று ஒரு கொம்பனி எழுத்தில் அனுப்பியதை, பெரியப்பா பொய் சொன்னார் என்று ஊர் பேசும் என்ற பயமாகத்தான் அவர் எடுத்திருப்பார். அந்தக் கடிதத்தைத் தமிழில் வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள், போமை நிரப்பியது யார் என்று அவரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் பைலை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், முறைப்பாடு அவருடையது. மூன்று வருடம் முடியும் தேதிகளை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அதன் மேல் வையுங்கள். நோய்க்கு மறுத்தது முதலில் முடியும்.